சலோமிக்கு மட்டும் பதினெட்டு

3 ஜூன் 1980, செவ்வாய்

இந்த நோட்டை எடுத்தது யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுகிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கு மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அடி விழும் என்பதற்காகச் சொல்லவில்லை, அடி பழகிவிட்டது. போலீஸ் வந்துவிடும். இந்தியப் போலீஸும் வரும், பிரான்சுப் போலீஸும் வரும். அப்பாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அப்பா பெயர் சந்தனசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் எங்கள் வீட்டைச் 'சொல்தா வீடு' என்று கேட்டால் காட்டுவார்கள். சொல்தா என்றால் பட்டாளத்துக்காரர். நாங்கள் எல்லோரும் பிரெஞ்சுப் பிரஜைகள். எனக்கு பிரெஞ்சில் நூறு வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

இன்று பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின்மேல் சலோமி என்று பெயர். அப்பாவுக்கு பிரெஞ்சு பேச வரும், எழுத்து சரியாக வராது. மனு எழுதித் தரும் தங்கையன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"உங்க மகளுக்கு மே இருபத்தெட்டோட பதினெட்டு முடிஞ்சுது. இனிமே அவங்க மேஜர். எங்க இருக்கணும், என்ன படிக்கணும், யாரைக் கட்டிக்கணும், எல்லாம் அவங்க இஷ்டம். அவங்களுக்காக வேற யாரும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

அப்பா பேனாவைத் திறந்தார். "சரி, அதுக்கு நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

தங்கையன் சார் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

எனக்கு வயது பதினைந்து. என் பெயர் டெய்சி.

5 ஜூன்

நேற்று எழுத முடியவில்லை. அம்மா தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தாள்.

அந்த விஷயத்தை எழுதிவிடுகிறேன். சலோமி என் அக்கா. நான் பார்த்ததில்லை. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனது. செத்த இடம் அம்மா பிறந்த ஊர், பேரளம் பக்கம். அது எல்லைக்கு அந்தண்டை, தஞ்சாவூர் ஜில்லா. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எல்லை தாண்டிச் செத்ததால் காரைக்கால் பதிவில் அது சாகவே இல்லை. அப்பா அப்போது பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அடுத்த வருஷம் நான் பிறந்தேன். என் பிறப்பைப் பதிய வேண்டுமானால் சலோமியைப் பற்றிக் கேட்பார்கள். சலோமியைப் பற்றிச் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்கள். "பேப்பர் ஒண்ணு சும்மாத்தானே கெடக்கு" என்றாராம் அப்பா.

மூத்தது போட்ட கவுனை இளையதுக்குப் போட்டுவிடுவது எல்லா வீட்டிலும் உண்டு. எனக்குப் பிறந்த நாளையும் போட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் தொளதொளவென்று இருக்கிறது.

வீட்டில் டெய்சி. பள்ளிக்கூடத்தில் சலோமி. பதினெட்டு வயதில் பத்தாம் வகுப்பு ஏன் என்று கேட்பார்களே, அதற்காகச் சின்னதில் மூன்று வருஷம் புளூரசி என்ற நெஞ்சு நோயில் படுத்திருந்ததாகச் சொல்லிச் சேர்த்தார்கள். அதனால் பத்து வருஷமாக எனக்கு டிரில் கிடையாது, த்ரோபால் கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது போல இருக்கவேண்டும். எனக்கு வராத நோயிலிருந்து இன்னும் நான் தேறவில்லை.

11 ஜூன்

மேஜர் ஆன சலோமி பாண்டிச்சேரிக்கு நேரில் போய்ப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்குத் தினமும் பயிற்சி. சலோமி என்று பிரெஞ்சில் ஐம்பது தடவை எழுத வேண்டும். பிறகு அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வயது போல நடக்க வேண்டும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்.

"கூனாத! சொதந்திரமா நில்லுடி!"

நின்றேன்.

"சிரிக்காத. உன் இஷ்டத்துக்கு வந்தவ மாதிரி பாரு."

எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். முழங்காலில் பிரம்பு விழுந்தது. புடவை இருந்ததால் அவ்வளவாக வலிக்கவில்லை. இதுதான் மேஜராக இருப்பதில் முதல் லாபம்.

22 ஜூன், ஞாயிறு

இன்று பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை பெயர் பிலோமின்ராஜ். தருமபுரம். வயது முப்பத்தொன்று. அவருடைய அண்ணன் பிரான்சில் இருக்கிறார். பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டினால் இவரும் போய்விடலாம். பூசை முடிந்ததும் அவருடைய அம்மா செல்லம்மா, இரண்டு மாமன்மார், எல்லோருமாக வந்தார்கள். எனக்குத் தலை வாரிப் பூ வைத்து அடுப்படியில் உட்கார வைத்திருந்தாள் அம்மா.

கூடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், நடுவில் சலோமியின் பிறப்புச் சான்றிதழ். செல்லம்மா அத்தை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமன் ஒருவர் முத்திரையை விரலால் தடவினார்.

"நல்ல லட்சணமா இருக்கு."

"மூலையில கொஞ்சம் மடிஞ்சிருக்கே?"

"அது வெச்சிருந்த வாக்குங்க. மத்தபடி ஒரு குறை கெடையாது" என்றார் அப்பா.

"திருத்தம் அடித்தம் எதுவும் இல்லையே?"

"தொட்டதே இல்லைங்க. பெட்டியிலேயே வெச்சு வளத்தோம்."

காப்பி எடுத்துக்கொண்டு போனேன். "ஓரமா வெய்யி, பேப்பர்ல சிந்திடப் போவுது" என்றார் செல்லம்மா அத்தை. அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

23 ஜூன்

செப்டம்பரில் கல்யாணம். மாதா பிறந்த நாள் முடிந்த மறுவாரம். எனக்கு மார்ச்சில் பரீட்சை.

26 ஜூன்

என் வகுப்பு ஆரிபாவிடம் சொல்லிவிட்டேன். தாங்கவில்லை. பக்கத்து ஊரான பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள் அவள். அவளுடைய வாப்பா துபாயில் இருக்கிறார். மரத்தடியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள், டிரில்லிலிருந்து தப்பிக்க. முழுதும் கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப அந்த மாப்பிள்ள மவுத்தான பொண்ணையா கட்டப்போறாரு?" மவுத்து என்றால் சாவு.

"சிரிக்காதடி."

"இல்லடி, கேளு. நீ பொறந்ததாவே எங்கயும் எழுதலை. பொறக்காதவள எப்படிடீ கட்டிக்குடுப்பாங்க?"

"என்னைத்தான கூட்டிட்டுப் போவாங்க?"

அவள் தன் அக்காவின் கல்யாணக் கதையைச் சொன்னாள். "எங்க ராத்தாகிட்ட சம்மதமான்னு கேட்டப்ப அவ வாயே தொறக்கலை. பக்கத்துல மாமி தும்முனாங்க. அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டு அல்ஹம்துலில்லான்னுட்டாங்க" என்றாள். "உன்கிட்ட கேக்கறப்ப யாரையும் தும்ம விடாத."

கேட்டால்தானே.

14 ஜூலை, திங்கள்

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். அப்பா மெடல்களைப் புளி போட்டு விளக்கிக் குத்திக்கொண்டார். பழைய சொல்தாக்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கம் அணிவகுத்துப் போனார்கள். மேஜர் ஆன பிரஜை என்று என்னையும் வரிசையில் நிறுத்தினார். கையில் கொடி.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எல்லோரும் பிரெஞ்சில் முழங்கினார்கள். அப்பாவின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது அவருக்கு. நான் பார்த்தேன். அதுதான் எனக்குப் புரியாதது. பொய்யாக அழவில்லை அவர்.

திரும்பி வரும்போது கடல் அலையைக் கொஞ்சம் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலை, நட" என்றார்.

24 ஜூலை, வியாழன்

பாண்டிச்சேரி போய் வந்தோம். விடியற்காலை பஸ். அப்பா, தங்கையன் சார், நான். சிதம்பரத்தில் எனக்கு வாந்தி. "சலோமி, சலோமி, சலோமி" என்று சொல்லிக்கொண்டே வா என்றார் அப்பா. வாந்தி எடுத்துக்கொண்டே சொன்னேன்.

ஆபீசில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். கொண்டை, மூக்குக் கண்ணாடி. அப்பா என்னோடு உள்ளே வந்தார். அந்த அம்மா எழுந்து நின்று, "நீங்க வெளியில இருங்க. இவங்க தனியா வரணும்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தார். "நான் அப்பாம்மா." "தெரியுதுங்க. வெளியில இருங்க."

அப்பாவை ஒருவர் வெளியே போகச் சொல்லி, அப்பாவும் போனதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கதவு சாத்தியது. அந்த அம்மா தாளைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாளைப் பார்க்கவில்லை. என்னை.

"கையெழுத்துப் போடறதுல உங்களுக்கு விருப்பந்தானே?"

உங்களுக்கு என்கிறார்! நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். நீங்க மேஜர். உங்களுக்கு என்ன விருப்பமோ அதுதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அப்பாட்ட கேட்டுட்டு வரட்டுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு சலோமி என்று கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தோராம் தடவை போல, அழகாக வந்தது.

25 ஜூலை

தூக்கம் வரவில்லை. விருப்பம் என்ன என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒன்று கையில் இருக்க வேண்டாமா? என்னிடம் ஒன்றுமே இல்லை. கேட்பார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லையே. கையெழுத்துக்கு ஒன்றரை மாதம் பயிற்சி கொடுத்தார்கள். இதற்கு?

இன்றிலிருந்து பழகப் போகிறேன். ஒரு நாளைக்கு ஒரு விருப்பம். இன்றையது: எனக்குத் தயிர் சாதம் பிடிக்காது.

இல்லை, அது பிடிக்காதது. பரவாயில்லை, ஆரம்பம்தானே.

29 ஜூலை

ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க விருப்பம். படுத்தேன். யாரும் கவனிக்கவில்லை. ரொம்பத் திமிராக உணர்ந்தேன்.

4 ஆகஸ்ட்

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என் பெயராக இருக்க வேண்டும். இது பெரிய விருப்பம். மூன்று நாள் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

13 ஆகஸ்ட், புதன்

பதினைந்தாம் தேதிக்காகக் கட்டுரைப் போட்டி. தலைப்பு, தனிமனித சுதந்திரம். டீச்சர் கட்டுரையைப் போர்டில் எழுதிப் போட்டார். பார்த்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவருக்குப் பரிசு.

ஆரிபா கையைத் தூக்கினாள். "டீச்சர், சொந்தமா ஒரு வரி சேத்துக்கலாமா?"

"சேத்தா மார்க் கொறையும். உக்காரு."

எனக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் என்னடி பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவினாள். வேண்டிய அளவுக்கு மேல் துருவிக்கொண்டே இருந்தாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். தாம்பாளத்தில் மோதிரம். தங்கையன் சார் கல்யாண தோசியேயைக் கொண்டு வந்திருந்தார். தோசியே என்றால் பிரான்சுக்கு அனுப்புகிற காகிதக் கட்டு. மோதிரத்துக்கு முன்னால் நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தமிழில் வாசித்தார். "மணமகள் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தன் முழு விருப்பத்தின் பேரில்…"

"முழு விருப்பந்தான், முழு விருப்பந்தான்" என்றார் அப்பா. "போடுடி."

பேனாவை வாங்கினேன். யாரோ, "எனக்கு விருப்பம் இல்லைங்க" என்றார்கள். யார் என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லம்மா அத்தை, "என்ன சொல்லுது பொண்ணு?" என்றார்.

தங்கையன் சார், "விருப்பம் இல்லைங்குதுங்க" என்றார்.

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பதினெட்டு முடிஞ்ச பொண்ணு. இல்லைன்னா இல்லைதான். சட்டம் அப்படி."

அப்பா எழுந்துவிட்டார். "என்னய்யா சட்டம்? சின்னப் புள்ள பேச்செல்லாம் ஒரு பேச்சா?"

"சின்னப் புள்ளன்னு எப்படிங்க சொல்றது? பதினெட்டு."

"யாருக்குப் பதினெட்டு? தை பொறந்தாத்தான் இவளுக்குப் பதினாறு! பெத்தவன் எனக்குத் தெரியாதா இவ வயசு? பதினஞ்சு வயசுக் கழுத, இதுக்கு என்ன விருப்பம், மண்ணாங்கட்டி!"

அப்படியே நின்றார். வாய் மட்டும் மூடவில்லை. சொன்னதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்ப்பது போல இருந்தது.

தங்கையன் சார் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

பிலோமின்ராஜ் இதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்தான் கேட்டார். "அப்ப பேப்பர்ல இருக்கற சலோமி யாருங்க?"

"என் மூத்த பொண்ணு" என்று அடுப்படி வாசலிலிருந்து அம்மா சொன்னாள். "செத்துப்போச்சு."

அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நேற்றுச் செத்தது போல அழுதாள். செல்லம்மா அத்தை கத்திச் சண்டை போடத்தான் எழுந்தார், எழுந்தவர் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை வயசு?" "ஒன்றரை." "ஐயோ." பிறகு அவரும் அழுதார். அவருக்கும் ஒன்று போயிருக்கிறதாம்.

போகும்போது பிலோமின்ராஜ் என்னைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எந்த வகுப்பு?" என்றார். பத்து என்றேன். "நல்லாப் படிம்மா, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

தாம்பாளங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மறந்துவிட்டார்கள். அதை யாரும் தொடக் கூடாது என்று அப்பா உத்தரவு.

18 ஆகஸ்ட்

அடி விழவில்லை. அப்பா காலையில் கேட்டார். "நீ பதினெட்டுன்னா வீட்ட விட்டுப் போ. பதினஞ்சுன்னா வாய மூடிக்கிட்டு இரு. எதுன்னு நீயே சொல்லு."

எனக்கே தெரியவில்லை. நேற்று இல்லை என்று சொன்னது யார்? பதினெட்டு வயது சலோமிக்குத்தான் அந்த உரிமை இருந்தது. ஆனால் நாக்கு என்னுடையது. அக்கா, நீ ஒன்றரை வயதில் என்ன பேசியிருப்பாய். நான் சொன்னதை உன் பெயரில் எழுதிக்கொள்ளாதே. இது ஒன்று மட்டும் என் பெயரில் இருக்கட்டும்.

வாழைப்பழம் கறுத்துவிட்டது.

2 செப்டம்பர், செவ்வாய்

பதிவு ஆபீஸ். ஒரே நாளில் இரண்டு மனு. ஒன்று சலோமி செத்ததற்கு, ஒன்று நான் பிறந்ததற்கு. தங்கையன் சார் வழியிலேயே அப்பாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். "தவறுதலா விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கேன். பிரெஞ்சுல அதுக்கு ரொம்ப மரியாதையான வார்த்தை இருக்குங்க."

குமாஸ்தா கேட்டார், "பொறந்ததுக்கு ஆதாரம்?"

அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "இதோ நிக்குதே."

"இது புள்ளைங்க. நான் ஆதாரம் கேக்கறேன்."

அடுத்த வீட்டு மரியமுத்து மாமா சாட்சி சொன்னார். நான் பிறந்த அன்றைக்கு என் அழுகையில் அவருக்கு மத்தியானத் தூக்கம் கெட்டதாம். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு சலோமி.

"செத்து பதினாறு வருஷம் ஆச்சுங்கறீங்க. இத்தனை நாள் எங்க இருந்தாங்க?"

"பத்தாவது படிச்சிக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார் அப்பா.

குமாஸ்தா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். போலீஸ் வருமா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தாதான் திரும்பி வந்தார். அபராதம் கட்ட வேண்டும், கோர்ட்டில் ஒரு உத்தரவு வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அப்பா அவருக்கு சல்யூட் அடித்தார்.

14 செப்டம்பர், ஞாயிறு

அம்மா சலோமிக்காகப் பூசை வைத்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. இதுவரை வைத்திருந்தால் சாமியார் பெயரை வாசித்திருப்பாரே, ஊருக்குத் தெரிந்திருக்குமே. "சலோமியின் ஆன்மா சாந்தியடைய" என்று அவர் வாசித்ததும் என் வகுப்புப் பெண்கள் ஒரு பெஞ்சு முழுதும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் எனக்காக ஜெபித்தார்கள். நானும் ஜெபித்தேன்.

வெளியே வந்ததும் டீச்சர், "அப்ப உனக்குப் புளூரசி வரவே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "நாளைக்கு டிரில்லுக்கு வந்து சேரு."

மூன்று சுற்று ஓடினால் எனக்கு மூச்சு வாங்குமா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. இன்றைய விருப்பம்.

28 செப்டம்பர், ஞாயிறு

உத்தரவு வந்துவிட்டது. எனக்குப் பதினைந்து. தங்கையன் சார் படித்துச் சொன்னார்: நான் மைனர். இன்னும் இரண்டே கால் வருஷத்துக்கு எனக்குச் சுயமாக எந்த உரிமையும் கிடையாது, எல்லாவற்றுக்கும் அப்பா கையெழுத்துத்தான்.

சாயங்காலம் பரீட்சை விண்ணப்பத்தைக் கொண்டு போய் நீட்டினேன். வழக்கமாகப் பார்க்காமலே போடுவார். இன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் இருந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "டெய்சி," என்று படித்தார். பிறகு, "போடட்டுமா?" என்று கேட்டார். என்னிடம்தான். போடுங்கப்பா என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. இதை எழுத இரண்டு வரி போதும். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் அதே நினைப்பு. அன்று அந்த ஆபீசில் கண்ணாடி போட்ட அம்மா கேட்டாரே, அதையேதான் அப்பாவும்

வெளியே நடமாட்டம். இந்தச் சாமான் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பாதி திறந்துதான் கிடக்கிறது. விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும். இருமல். அப்பாதான். நோட்டை எங்கே வைப்பது, அரிசி மூட்டைக்குப் பின்னால் கை போகவில்லை, வந்துவிட்டார், வாசலிலேயே நிற்கிறார், ஏன் உள்ளே வராமல்

தட்டுகிறார். திறந்திருக்கிற கதவை எதற்குத் தட்